ஒரே பானைச் சோறு, இரண்டு ரிப்போட்

போன இதழில் இரத்தப் பரிசோதனைத் தாளை வாசிப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள், கிளிநொச்சியில் இருந்து வந்தாலும் சரி, கொக்கிளாயில் இருந்து வந்தாலும் சரி, பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "நான் ஒழுங்காய்த்தானே சாப்பிடுகிறேன், பிறகேன் எனக்கு மட்டும் இந்த நம்பர்?" ஆய்வுகூடத்தில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். ரிப்போட்டைக் கையில் வாங்கியதும், ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பரில் ஒரு பங்கு நீங்கள் சாப்பிட்டது, ஒரு பங்கு தாய் தகப்பன் தந்தது என்று யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்ல அப்போது நேரம் இருக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நானும் அண்ணையும் ஒரே வளவில்தான் இருக்கிறோம், ஒரே பானைச் சோறு. நான் பத்து வருசமாய் மச்சம் தொடுவதில்லை. எனக்கு மொத்தக் கொலஸ்ரோல் 302, எல்.டி.எல். 221. அண்ணைக்கு ஆட்டிறைச்சி இல்லாத கிழமை இல்லை, அவருக்கு மொத்தமே 178. நான் ரவுணுக்குப் போகும்போது கடையில் களவாய்ச் சாப்பிடுகிறேன் என்று மனிசி நினைக்கிறா. எங்கட அப்பா 46 வயதில் வயல் வரம்பில் விழுந்து செத்தவர். எனக்கு இப்ப 41. (விசுவமடு வாசகர்)

பதில்: தம்பி, முதலில் இந்தப் பக்கத்தை மனைவியிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒன்றையும் களவாகச் சாப்பிடாமலே ஒருவருக்கு எல்.டி.எல். (இரத்தக்குழாயில் படிகிற கெட்ட கொலஸ்ரோல் என்பார்களே, அது) 221 வரும்.

ஒரு குளத்தின் நீர்மட்டத்தை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை என்று வன்னியில் பிறந்த ஒருவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மாரிதான் இரணைமடுவுக்கும் பெய்கிறது, உங்கள் ஊர்ச் சின்னக் குளத்துக்கும் பெய்கிறது. ஆனால் எத்தனை வாய்க்கால் வந்து விழுகிறது, துருசு (தண்ணி திறந்துவிடும் மதகு) எவ்வளவு திறந்திருக்கிறது, வான் (மிஞ்சிய தண்ணி வழியும் கட்டு) எந்த உயரத்தில் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தண்ணி நிற்கும் அளவு. இரத்தத்தில் உள்ள சீனி, கொலஸ்ரோல், யூரிக் அமிலம், பிலிருபின், அமினோ அமிலங்கள், இன்னும் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பொருட்கள் எல்லாம் இப்படித்தான். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் இவற்றை அனுசேபப் பொருட்கள் என்பார்கள். சாப்பாடு மழை. துருசும் வானும் எவை என்றால், உடலில் ஒரு பொருளை உடைத்து இன்னொன்றாக மாற்றுகிற நொதியங்களும், பொருட்களைக் கடத்துகிற புரதங்களும். அவற்றை எந்த அளவில் கட்டுவது என்ற வரைபடம் பரம்பரையலகில், அதாவது மரபணுவில் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு எழுத்து மாறினால் துருசு ஒரு விரற்கடை ஒடுங்கலாம், முழுதாக அடைபட்டும் போகலாம்.

கொலஸ்ரோலில் பெரும்பகுதியை உடல் தானே செய்கிறது, சாப்பாட்டில் இருந்து நேரே வருவது குறைவு. இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுத்து ஒதுக்குவது ஈரலின் வேலை. அதற்கென்று ஈரல் கலங்களின் மேலே வாங்கிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பிரவுண், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு டொக்டர்கள் இந்த வாங்கியைக் கண்டுபிடித்து 1985இல் நோபல் பரிசு வாங்கினார்கள். தாயிடம் இருந்து ஒன்று, தகப்பனிடம் இருந்து ஒன்று என்று இந்த வாங்கியின் பரம்பரையலகு எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு. அதில் ஒன்று பழுதாக வந்தால் வாங்கிகள் பாதியாகக் குறையும், எல்.டி.எல். பிறந்த நாளில் இருந்தே உயர்ந்து நிற்கும். 250, 300 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். அபூர்வமான வருத்தம் இல்லை இது. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள், ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் நோவதில்லை.

உங்கள் அப்பா 46 வயதில் போனதும் உங்கள் 221உம் சேர்ந்து என்னை இந்தப் பக்கம் யோசிக்க வைக்கின்றன. வளர்ந்தவருக்கு எல்.டி.எல். 190க்கு மேலே என்றாலே இந்தச் சந்தேகம் வரவேண்டும். அப்பாவிடம் அந்தப் பழுதான பிரதி இருந்திருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி. அண்ணைக்கு ஒரு பக்கம் விழுந்தது, உங்களுக்கு மறுபக்கம் விழுந்தது. அவர் ஆட்டிறைச்சி சாப்பிட்டும் 178இல் நிற்பது அவருடைய துருசு அகலமாக இருப்பதால், அதற்காக அவர் தொடர்ந்து அப்படியே சாப்பிடலாம் என்று நான் எழுதவில்லை.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று கருவிழியின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக, நகக்கீற்று மாதிரி ஒரு வளையம் தெரிகிறதா? பிறகு குதிக்காலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பை (அது நரம்பில்லை, தசைநாண், ஆனால் நாங்கள் அப்படித்தானே சொல்கிறோம்) விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு மாதிரி ஒரேசீராக இருக்க வேண்டும். இடையில் முடிச்சுப் போட்டது போலத் தடித்திருந்தால் அது அங்கே படிந்த கொலஸ்ரோல். இரண்டும் இல்லாவிட்டாலும் டொக்டரிடம் போகத்தான் வேண்டும், இருந்தால் நாளைக்கே போங்கள். அப்பாவின் கதையை மறக்காமல் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். தைரொயிட் குறைந்தாலும் கொலஸ்ரோல் ஏறும், ஆகவே அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மச்சம் சாப்பிடாதவர் வீட்டில் ஒரு நேரமும் தேங்காய்ப்பால் இல்லாமல் போவதில்லை, சொதியும் பால்கறியும் எல்.டி.எல்.ஐக் கூட்டும், அதைக் குறைத்தால் கொஞ்சம் இறங்கும், ஆனால் 221ஐச் சாப்பாட்டால் மட்டும் இறக்க முடியாது. கொலஸ்ரோல் குளிசை இந்த வகைக்கு நன்றாக வேலை செய்யும். குளிசை இல்லாமல் விட்டால் இந்தப் பழுதுள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய வருத்தம் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு ஒருவரும் இரத்தம் பார்க்கவில்லை. உங்களுக்குப் பார்த்தாயிற்று. பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை பாருங்கள்.

இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. பீ.சி.எஸ்.கே.9 என்று ஒரு புரதம் அந்த வாங்கிகளை அழிக்கிற வேலையைச் செய்கிறது. 2003இல் பிரான்சில் சில குடும்பங்களில் இது அளவுக்கு மீறி வேலை செய்து கொலஸ்ரோலை ஏற்றுவதைக் கண்டார்கள். 2006இல் அமெரிக்காவில் நேர்மாறாக, இதன் ஒரு பிரதி பழுதாகப் பிறந்த கறுப்பின மக்களைப் பார்த்தார்கள், அவர்களுக்கு எல்.டி.எல். 28 வீதம்தான் குறைவு, ஆனால் இதய வருத்தம் 88 வீதம் குறைவு. வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் குறைவாக இருப்பது அவ்வளவு பெரிய காவல். அதைப் பார்த்துச் செய்த ஊசிமருந்து 2015இல் வந்தது.

கேள்வி: எனக்கு 19 வயது, உயர்தரம் இரண்டாம் தரம் எடுக்கிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் இருந்தபோது கண் மஞ்சளாகி விட்டது. அம்மம்மா செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துத் தந்தா, மூன்று நாளில் மாறியது. சோதனைக்கு நித்திரை முழித்தபோது திரும்ப வந்தது. இரத்தத்தில் பிலிருபின் 2.3, மற்ற ஈரல் ரெஸ்ற் எல்லாம் சரி என்கிறார்கள். எனக்கு ஈரல் பழுதா? (முழங்காவில் வாசகி)

பதில்: பிள்ளை, பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்க்க ஜில்பேர் நிலை என்று சொல்லப்படுவது மாதிரித்தான் இருக்கிறது. 1901இல் அந்தப் பெயருடைய பிரெஞ்சு டொக்டர் எழுதி வைத்தது. உலகத்தில் பத்துப் பதினைந்து பேரில் ஒருவருக்காவது இருக்கும்.

செங்குருதிக் கலம் ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். செத்ததும் அதை உடைக்கும்போது வருவதுதான் மஞ்சள் நிறமான பிலிருபின். ஈரலில் ஒரு நொதியம் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு வெளியே அனுப்புகிறது. அந்த நொதியத்தின் பரம்பரையலகுக்கு முன்னால், அதை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று சொல்லுகிற சின்னப் பகுதி ஒன்று உண்டு. அங்கே ரீ, ஏ என்ற இரண்டு எழுத்துகள் சோடியாகத் திரும்பத் திரும்ப வரும். வழக்கமாக ஆறு தடவை. சிலருக்கு ஏழு தடவை. வித்தியாசம் அவ்வளவுதான், ஒரு சோடி எழுத்து கூட. தாயிடமும் தகப்பனிடமும் ஏழு வாங்கியவருக்கு அந்த நொதியம் மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்களவுதான் வேலை செய்யும். ஈரல் பழுதில்லை, ஒரு துருசு மட்டும் ஒடுக்கம். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. விரதம், காய்ச்சல், நித்திரைக்குறைவு, தண்ணி குடிக்காமல் வெயிலில் நிற்பது, இப்படி ஏதாவது வந்தால் மட்டம் ஏறிக் கண்ணில் தெரியும். சாப்பிட்டுப் படுத்தெழும்பினால் தானே இறங்கும். அம்மம்மா தந்ததும் அந்த மூன்று நாளும் ஒன்றாய் வந்தன. அம்மம்மாவின் அன்பைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கண் மஞ்சளானால் வீட்டு மருந்தோடு நிற்காமல் ஒருமுறையாவது இரத்தம் பார்ப்பதுதான் சரி, அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

இரண்டு விசயம் கவனியுங்கள். இரத்தக்கலங்கள் அளவுக்கு மீறி உடைவதாலும் இதே மாதிரி மஞ்சள் வரும், ஆகவே ஈமோகுளோபினும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிறுநீர் தேத்தண்ணிச் சாயம் மாதிரிப் போனால், மலம் வெளிறினால், வயிற்று நோவோ காய்ச்சலோ இருந்தால், அது இந்த நிலை இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றும்படி இதற்கு மருந்தும் இல்லை, பத்தியமும் இல்லை. வெளிநாட்டு மெடிக்கலில் கேட்டால் காட்டுவதற்கு இந்த ரிப்போட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கலியாணப் பேச்சில் யாராவது "செங்கமாரிக்காரி" என்று சொன்னால் என்னுடைய இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: கால் பெருவிரல் நடுச்சாமத்தில் வீங்கிச் சிவந்து, சீலை பட்டாலே உயிர் போகிறது. யூரிக் அமிலம் 8.9. நண்டு, றால், கருவாடு, கள்ளு எல்லாம் விடச் சொல்கிறார்கள். எங்கட வாடியில் எல்லாரும் அதையேதான் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு ஏன் வரவில்லை? (கொக்கிளாய் வாசகர், 52)

பதில்: அவர்களுடைய சிறுநீரகம் வேறு, உங்களுடையது வேறு, அதுதான் காரணம் அண்ணை.

பெரும்பாலான மிருகங்களுக்கு யூரிக் அமிலத்தை உடைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அது கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னமே பழுதாகிப் போய்விட்டது. அதனால் எல்லா மனிதருக்குமே யூரிக் அமிலம் உயரத்தில்தான் நிற்கிறது. அதை மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகமும் மிச்சத்தைக் குடலும் வெளியே தள்ள வேண்டும். சிறுநீரகமோ வடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் திரும்ப இழுக்கிற வாசல்களில் ஒன்றின் பரம்பரையலகு எஸ்.எல்.சி.2ஏ9, 2008இல் கண்டார்கள். வெளியே தள்ளுகிற இன்னொரு வாசல் ஏ.பி.சி.ஜி.2. இந்த இரண்டாவதில் ஒரே ஒரு எழுத்து மாறிப் பிறந்தவருக்கு அந்த வாசலின் வலு பாதியாகிப் போகும். 6.8க்கு மேலே போனால் யூரிக் அமிலம் கரைந்து நிற்காது, உப்பளத்தில் உப்புப் பூக்கிற மாதிரி ஊசி ஊசியாகப் படியும். உடம்பில் குளிர்ச்சியான மூலை கால் பெருவிரல், அதனால் அங்கேதான் முதல் அடி.

2018இல் அமெரிக்காவில் 16,000க்கு மேற்பட்டவர்களின் விபரத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் யூரிக் அமிலம் மாறுவதில் தனி ஒரு சாப்பாட்டுக்கு உள்ள பங்கு ஒரு வீதம்கூட இல்லை, பொதுவான மரபணு வேறுபாடுகளின் பங்கு கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. அவர்கள் ஐரோப்பிய வழி வந்தவர்கள், எங்கள் கணக்கு கொஞ்சம் வேறாக இருக்கலாம், ஆனால் வாடியில் நீங்கள் கண்ணால் கண்டதைத்தான் அதுவும் சொல்கிறது. "வாயைக் கட்டாததால்தான் உனக்கு இந்த வருத்தம்" என்று எவரும் உங்களைப் பேச வேண்டியதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பழையபடி தொடங்கிவிடாதீர்கள். உங்கள் குளம் ஏற்கெனவே வான் மட்டத்தில் நிற்கிறது, ஒரு சின்ன மழையும் கரையை உடைக்கும். கள்ளும் பியரும் சாராயமும் தான் முதலில் போக வேண்டியவை, அப்புறம் போத்தல் சோடா. மீன் அளவாகச் சாப்பிடலாம். கடலில் நிற்கும்போது தண்ணி நிறையக் குடியுங்கள். அடிக்கடி நோ வருகிறது என்றால் யூரிக் அமிலத்தைக் குறைக்கிற குளிசையை டொக்டர் தொடங்குவார், சின்ன அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவதுதான் முறை. அந்த அலோபியூரினோல் குளிசை தொடங்கிய முதல் சில கிழமைகளில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அப்போதே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலருக்குப் பிறப்பிலேயே உள்ள ஒரு மரபணு வகையால் அந்த மருந்து தோலை உரிக்கிற அளவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். அபூர்வம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குக் காலைச் சீனி 160, 170 என்று நிற்கிறது. ஆனால் மூன்று மாதச் சீனி பார்க்கிற ஏ1சி 5.6 தான். எது பொய்? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: இரண்டும் பொய்யில்லை தங்கச்சி, ஆனால் ஒன்று உங்கள் அம்மாவின் சீனியை அளக்கவில்லை.

ஏ1சி அளப்பது சீனியை அல்ல, செங்குருதிக் கலத்தின் ஈமோகுளோபினில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதை. கலம் 120 நாள் சுற்றித் திரிந்தால் 120 நாள் ஒட்டும். அறுபது நாளில் கலம் உடைந்தால் ஒட்ட நேரமில்லை, சீனி எவ்வளவு இருந்தாலும் ஏ1சி இறங்கித்தான் காட்டும்.

அப்படிக் கலத்தின் ஆயுளைக் குறைக்கும் பிறவிக் காரணங்களில் இரண்டு எங்கள் பக்கத்துக்குச் சொந்தமானவை: ஜி6பிடி என்ற நொதியக் குறைவும், தலசீமியா (ஈமோகுளோபின் ஒழுங்காக உருவாகாத பிறவி இரத்த வருத்தம்) வகைகளும். ஏன் எங்கள் பக்கம் என்றால், மலேரியா. இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில்தான் அறிவித்தது. அதற்கு முதல் வன்னியில் மாரி பிறந்தால் நடுக்கக் காய்ச்சலும் பிறக்கும், வீட்டுக்கு வீடு மருந்தடிப்பார்கள், குளோரோகுயின் கைப்பு இந்த வயதுக்காரர் எல்லோருக்கும் நாக்கில் இருக்கும். எத்தனையோ தலைமுறையாக அந்தக் காய்ச்சல் பிள்ளைகளைக் கொண்டுபோன இடங்களில், கிருமி பெருகுவதற்கு வசதியில்லாத செங்குருதிக் கலத்தோடு பிறந்த பிள்ளைகள் தப்பிப் பிழைத்தார்கள். தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். காய்ச்சல் போய்விட்டது, அந்தக் கலம் எங்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இன்றைக்கு அது ஏ1சி தாளில் வந்து நிற்கிறது. அதை நினைக்கிற நேரம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அம்மாவுக்கு இதுதான் என்று நான் முடிவு சொல்லவில்லை. இரத்தம் குறைவா, அண்மையில் இரத்தம் ஏற்றினார்களா என்றும் பார்க்க வேண்டும். (இரும்புச்சத்துக் குறைவு எதிர்ப்பக்கமாக, ஏ1சியை உயர்த்தியே காட்டும்.) கிளினிக் கொப்பியில் இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டொக்டரிடம் காட்டி, ஈமோகுளோபின் வகையும் ஜி6பிடியும் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதுவரை அம்மாவுக்கு 5.6ஐ நம்ப வேண்டாம். காலைச் சீனியையும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலச் சீனியையும் வைத்தே குளிசையைத் தீர்மானிக்கலாம். ஜி6பிடி குறைவு உறுதியானால் சில மருந்துகள் கூடாது, அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பால் எழுதி வையுங்கள்.

கேள்வி: தேத்தண்ணி பின்னேரம் குடித்தால் எனக்கு விடியும்வரை கண் மூடாது. இவர் படுக்கிற நேரம் குடித்துவிட்டுப் படுத்த உடனே நித்திரை. (மல்லாவி வாசகி)

பதில்: கபெயினை உடைக்கும் ஈரல் நொதியம் ஆளுக்கு ஆள் வேகம் மாறும், அதிலும் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. சராசரியாகக் குடித்ததில் பாதி போக ஐந்து மணித்தியாலம் ஆகும். கருத்தடைக் குளிசை எடுத்தால், கர்ப்பமாக இருந்தால் இன்னும் நீளும், புகைப்பவருக்குச் சுருங்கும். உங்கள் கடைசித் தேத்தண்ணியை மத்தியானத்தோடு முடியுங்கள்.

கேள்வி: மச்சானைக் கட்டச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் விருப்பம்தான். ஒரே இரத்தம் என்பதால் பிள்ளைகளுக்கு வருத்தம் வரும் என்று சிநேகிதி சொல்கிறாள். (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: உடம்பின் இரசாயனம் பரம்பரையால் மாறும் என்ற விசயம் முதன்முதலில் தெரியவந்த கதையே சொந்தத்தில் கட்டியவர்களின் கதைதான். லண்டனில் ஆர்ச்சிபால்ட் கரோட் என்ற டொக்டர், குழந்தையின் சீலைத்துணி சிறுநீர் பட்டுக் கறுத்துப் போகும் ஒரு வருத்தத்தைப் பின்தொடர்ந்தார். ஒரு அமினோ அமிலத்தை உடைக்கும் வழியில் ஒரு நொதியம் இல்லை, அதனால் இடையில் ஒரு பொருள் தேங்கிச் சிறுநீரோடு போய்க் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன் பல குடும்பங்களில் ஒன்றுவிட்ட சொந்தம் என்பதை அவர் கவனித்தார். பழுதான பிரதி இருவரிடமும் இருந்து வந்தால்தான் வருத்தம் தெரியும் என்று 1902இல் எழுதினார். ஒவ்வொரு மனிதனின் இரசாயனமும் வேறு என்று முதலில் சொன்ன ஆள் அவர்தான்.

மாமன் மகன், அத்தை மகள் கட்டினால் பிள்ளையின் பரம்பரையலகுகளில் சராசரி பதினாறில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே பாட்டா பாட்டியிடம் இருந்து வந்ததாக இருக்கும். பிறவி வருத்தத்தின் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடும், என்றாலும் பெரும்பான்மையான பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கின்றன. உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த பிள்ளைகள், அடிக்கடி இரத்தம் ஏற்றிய பிள்ளைகள், காரணம் தெரியாமல் வளர்ச்சி நின்ற பிள்ளைகள் இருந்தார்களா என்று அப்பம்மாவிடமும் அம்மம்மாவிடமும் இருந்து கேளுங்கள். ஒரு பேப்பரில் குடும்ப மரம் போல எழுதுங்கள். இரண்டு பேரும் தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அது சொந்தத்தில் கட்டாதவர்களும் செய்ய வேண்டியது. இருவருமே காவிகள் (தங்களுக்கு வருத்தம் இல்லாமல் பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பவர்கள்) என்று வந்தால் கலியாணத்துக்கு முன்னம் டொக்டரோடு இருந்து கதைக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால், தங்கச்சி, விருப்பத்தை வீட்டில் சொல்லுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கிற மகன் எச்சில் அனுப்பி மரபணு பார்ப்போம், என்ன சாப்பிடலாம் என்று தெரியும் என்கிறான். அனுப்பவா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: மரபணுவையும் இரத்தத்தில் உள்ள பொருட்களையும் பொருத்திப் பார்க்கிற ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே முடிவெடுப்பீர்கள் ஐயா. ஆயிரக்கணக்கானவர்களின் இரத்தத்தை எடுத்து, மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரிக்கும் கருவியில் நூற்றுக்கணக்கான பொருட்களை ஒன்றாக அளக்கிறார்கள். அதே ஆட்களின் டி.என்.ஏ.யில் இலட்சக்கணக்கான இடங்களில் எந்த எழுத்து என்று பார்க்கிறார்கள். எந்த எழுத்து உள்ளவருக்கு எந்தப் பொருள் கூடி அல்லது குறைந்து நிற்கிறது என்று பொருத்துகிறார்கள். 2008இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் பகுதியில் 284 ஆண்களோடு, 363 பொருட்களோடு தொடங்கியது. 2023இல் உங்கள் மகன் இருக்கிற கனடாவிலேயே 8,299 பேர், 1,091 பொருட்கள் என்று வந்து, டி.என்.ஏ.யில் 248 இடங்களில் தொடர்பு கண்டார்கள். ஒரு நொதியத்துக்கு முன்னால் உள்ள பொருளையும் பின்னால் உள்ள பொருளையும் விகிதமாகப் பார்த்தால் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. துருசுக்கு மேலே தண்ணி தேங்கி, கீழே வாய்க்கால் காய்ந்தால் துருசில்தான் பிழை என்று கமக்காரனுக்குத் தெரியுமே, அதே யுக்தி.

அந்த 8,299 பேரும் ஐரோப்பிய வழி வந்தவர்கள். மற்றப் பெரிய ஆய்வுகளிலும் பெரும்பங்கு அவர்கள்தான். அங்கே கட்டிய கணக்கை எங்கள் உடம்பில் வைத்தால் சரியாக இருக்காது. தெற்காசியரின் இரத்தம் இன்னும் நிறைய அளக்கப்பட வேண்டும், எங்கள் பிள்ளைகளில் யாராவது அதைச் செய்ய வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. அதுவரை, "இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே" என்று எச்சிலில் இருந்து வரும் பட்டியலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அந்தக் காசுக்கு வருசம் ஒருமுறை சீனி, கொலஸ்ரோல், கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பாருங்கள். மரபணு என்ன சொன்னாலும், கடைசியில் இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதை நேரே அளக்கலாம்.

கேள்வி: 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் மகள் என் வயிற்றில். கஞ்சிதான் குடித்தேன், அதுவும் எல்லா நாளும் இல்லை. பட்டினி மரபணுவை மாற்றும், பிள்ளைக்குச் சீனி வருத்தம் வரும் என்று எங்கேயோ வாசித்தேன். அவள் இப்ப நல்லாய்ப் படிக்கிறாள். நான் அவளுக்கு என்ன செய்துவிட்டேன்? (முள்ளியவளை, ஒரு தாய்)

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் இருந்தேன். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்குச் செய்யப்பட்டது. நீங்கள் செய்தது, அவளைச் சுமந்து கரை சேர்த்தது.

பட்டினி பரம்பரையலகின் எழுத்துகளை மாற்றாது. எந்த எழுத்தை எவ்வளவு வாசிப்பது என்று மேலே குறித்து வைக்கும் சின்ன அடையாளங்கள் சில மாறலாம். ஒல்லாந்தில் 1944, 45 மாரியில் யுத்தத்தால் வந்த பஞ்சத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பின்னாளில் தேடிப் பார்த்தார்கள். அறுபது வருசம் கழித்தும் சிலரின் டி.என்.ஏ.யில் அப்படிப்பட்ட அடையாளங்கள் வேறாக இருந்தன. ஐம்பது வயதளவில் சீனி குடிக்கக் கொடுத்து அளந்தபோது, அந்தப் பஞ்சத்தில் வயிற்றில் இருந்தவர்களுக்குச் சராசரியாக மட்டம் கொஞ்சம் கூட நின்றது. நீங்கள் வாசித்தது அதுவாகத்தான் இருக்கும். சராசரி என்பது கூட்டத்துக்கு, ஆளுக்கு இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சீனி வருத்தம் வரவில்லை.

மகளிடம் பயத்தைக் கொடுக்காதீர்கள். எங்கள் ஆட்களுக்கு உடம்பு மெலிவாக இருக்கும்போதே சீனி ஏறத் தொடங்குவது வழமை, ஆகவே உயரத்துக்கேற்ற நிறையில் இருக்கிறாளா என்று பாருங்கள், இடுப்புச் சுற்றளவைக் கூடாமல் பாருங்கள். சைக்கிளில் ரியூசனுக்குப் போகிறாள் என்றால் மோட்டார்சைக்கிள் வாங்கிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். இருபது வயது தாண்டியதும் வருசத்துக்கு ஒருமுறை காலைச் சீனி. பிறகு அவள் தாயாகும் காலத்தில், 2009இல் வயிற்றில் இருந்தவள் என்பதைக் கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள், கர்ப்பகாலச் சீனியை நேரத்தோடு பார்ப்பார்கள். உங்களுக்கும் பார்த்தீர்களா அக்கா? கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்தக் கிழமை நீங்களும் போய் ஒருமுறை இரத்தம் கொடுங்கள், நம்பரை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் சொன்னால், சீனி போடாத பிளேன் ரீ குடிக்கலாமா? (பூநகரி வாசகர்)

பதில்: கூடாது. தண்ணி மட்டும். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, காலையில் ஏழு எட்டு மணிக்கு இரத்தம் கொடுங்கள், கையில் பிஸ்கட் பைக்கற் ஒன்று கொண்டுபோங்கள், கொடுத்தவுடன் சாப்பிட.